சாவியைக் கொடுத்த பிறகு

நெய்வேலிக்காரரிடம் வீடு எங்கே என்றால், முதலில் வட்டத்தின் (பிளாக்) எண்ணைத்தான் சொல்வார். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு, கிராமங்களைக் கிளப்பிவிட்டு, கோடு போட்டுக் கட்டிய ஊர். அகலமான சாலை, மரநிழல், பக்கத்திலேயே கடைத்தெரு. நடையில் தடுமாற்றம் உள்ளவருக்கும் பயமில்லாத ஊர்.

ஆனாலும் அந்தக் காலத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்த வீட்டுக்கு, எந்த ஊரானாலும் உறவினர்கள் சொன்ன யோசனை ஒன்றுதான்: "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க." பூனைக்குட்டிக்கும் இதே சொல்தான். மனநோய் என்றால் ஏர்வாடி தர்கா. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குடும்பத்தாரே கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் அவர்களில் உண்டு.

1995-இன் ஊனமுற்றோர் சட்டம் படிப்பையும் வேலையையும் பேசியது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைப் பேசவில்லை. 2007-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு அதைப் பேசியது. 2016-இன் உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவில், சமூகத்தில் வாழ்வது உரிமை என்றே எழுதிவிட்டது. சங்கிலியை 2017-இன் மனநலச் சட்டம் தடைசெய்தது.

இன்று தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. சிகிச்சையையும் பயிற்சியையும் ஊருக்கு அருகிலேயே தர 'விழுதுகள்' மையங்கள் வருகின்றன. நெய்வேலியிலேயே 'ஸ்நேகா' சிறப்புப் பள்ளி இருக்கிறது. குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் இந்த ஊரில் வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் மனவளர்ச்சி குன்றிய மகனுக்கு முப்பது வயதாகியிருக்கும். எந்த முனையில் திரும்பினால் வீடு என்று அவனுக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்கு அவன் பேச்சு புரியும். மளிகைக்கடைக்காரர் மீதிச் சில்லறையை அவன் கையில் எண்ணி வைப்பார். இருட்டினால் யாராவது சைக்கிளில் கொண்டுவந்து விடுவார்கள். அதே 'கொண்டுவந்து விடுவது'தான், ஆனால் வீட்டுக்கு. எந்தத் திட்டப் பட்டியலிலும் இது சேவையாக இடம்பெற்றதில்லை; முப்பது வருஷத்தில் தானாக முளைத்தது.

கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள் இந்திரா நகரிலோ வடக்குத்திலோ மனை வாங்கி அருகிலேயே இருப்பார்கள். மற்றவர்கள் சொந்த ஊருக்கு, அதாவது மகனுக்கு அந்நியமான ஊருக்கு, மூட்டை கட்டுவார்கள். சட்டம் சமூகம் என்கிறது. அவனுக்கு எது சமூகம் என்று கேட்டால் வட்டத்தின் எண்ணைத்தான் சொல்வான்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரு கேள்வி உண்டு: "எங்களுக்குப் பிறகு?" நெய்வேலியில் அது அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அறுபது வயதில் வந்துவிடுகிறது.