காட்டுப் புறாக்களை இனம் காண்பது எப்படி?

சோளமோ கம்போ விதைத்த மறுநாளே வயலில் புறாக்கள் இறங்கிவிடும். தூரத்தில் எல்லாம் ஒரே பழுப்பு நிறம்தான். "காட்டுப் புறா" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் மானாவாரிக் காடுகளில் நான்கு வகைகள் உண்டு.

நிறத்தை நம்பவேண்டாம், கழுத்தைப் பாருங்கள். பின்கழுத்தில் கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருந்தால் அது புள்ளிப்புறா. இறக்கையிலும் புள்ளிகள் தெரியும். பின்கழுத்தில் ஒன்றும் இல்லாமல், முன்கழுத்தில் செம்பழுப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்டிருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. இதன் முதுகில் புள்ளி கிடையாது; இறக்கை ஓரம் நீலச் சாம்பலாக இருக்கும். குஞ்சுப் பருவம் தாண்டாத பறவைகளில் இந்தக் கழுத்து அடையாளம் சரியாக வந்திருக்காது. அப்போது கூட இருக்கும் பெரிய பறவையைப் பார்ப்பதே நல்லது.

பின்கழுத்தில் கறுப்பாக ஒரு கோடு மட்டும், உடல் வெளிறிய மணல் நிறம் என்றால் கள்ளிப்புறா. நீளம் சுமார் 32 செ.மீ. "கூ-கூஊ-கூ" என்று மூன்று அசையில் கூவும்; நடு அசை நீண்டிருக்கும். இதே கோடு உள்ள செம்புறா மைனா அளவே இருக்கும். அதில் ஆண் செங்கல் நிறம், தலை சாம்பல். பெண்ணைத்தான் பலரும் கள்ளிப்புறா என்று தவறாகச் சொல்வார்கள். அளவை வைத்துப் பிரித்துவிடலாம்.

கோபுரத்திலும் கிணற்றுச் சுவரிலும் தங்கி, களத்தில் கூட்டமாக இறங்கும் மாடப்புறா வேறு. அது கருஞ்சாம்பல் நிறம். இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். களத்து நெல்லுக்குக் கணக்குக் கேட்பதானால் அதனிடம் கேட்கவேண்டும்!

மேலே சொன்ன நான்கும் களை விதைகளையும் ஏராளமாகத் தின்பவை. கோழியைப்போல் காலால் மண்ணைக் கிளறுவதில்லை. மேலே கிடப்பதைப் பொறுக்குவதோடு சரி. ஆகவே விதைத்த அன்றே பரம்படித்து விதையை மூடிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

விஷம் கலந்த தானியத்தை வயலில் இறைப்பது கூடவே கூடாது. மைனா, கௌதாரி, வீட்டுக் கோழி எல்லாம் சேர்ந்து சாகும். காட்டுப் புறாக்களைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மருந்து கலந்த விதையிலும் எச்சரிக்கை தேவை. வரப்போரத்திலும் மூட்டை பிரித்த இடத்திலும் சிந்தியதை அன்றே கூட்டி அள்ளிக் குழியில் புதைத்துவிடுங்கள்.