காதுக்குள் செருகும் கருவிக்கு இருபத்தையாயிரமா?

கல்லூரியில் பயிலும் தங்கள் மகனோ மகளோ காதுக்குள் செருகிக்கொள்ளும் சிறிய இயர்போன் ஒன்றைக் காட்டி, "விலை இருபத்தையாயிரம்தான்" என்று கூறியிருக்கக் கூடும். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2019இல் இந்தியாவில் 24,900 ரூபாய்க்கு வெளிவந்தது. 2023இல் சோனியின் உயர்ரகக் கருவியும் ஏறத்தாழ அதே விலைக்குத்தான் வந்தது. மறுபுறம், 2022இல் மூன்டிராப் என்னும் சீன நிறுவனம் 'சூ' என்ற கம்பி இயர்போனை ஏறக்குறைய 20 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தனை பெரிய விலை வேறுபாட்டிற்கு நாம் பெறுவது யாது?

காதுக்குள் பொருந்தும் உயர்தர இயர்போன் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் எடிமோடிக் நிறுவனம் 1991லேயே அத்தகைய கருவியை வெளியிட்டது. செவித் துவாரத்தை ரப்பர் முனை நன்கு அடைத்துக்கொண்டால், சிறிய கருவியிலிருந்தும் தெளிவான ஒலியைப் பெறலாம் என்பதே அதன் அடிப்படை. இன்றும் அடிப்படை அதுவே.

அண்மையில் கொல்லிமலைக்குச் சென்றபோது இரண்டு கருவிகளை உடன் எடுத்துச் சென்றேன். ஒன்று, இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைந்த கம்பி இயர்போன். மற்றொன்று, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த மைத்துனரின் விலையுயர்ந்த கம்பியில்லாக் கருவி. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து கியரைக் குறைத்து உறுமுகின்றது. அவ்வுறுமலுக்கிடையே கம்பிக் கருவியில் கிராஅத் கேட்க ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. மைத்துனரின் கருவியில் இரைச்சல் நீக்கும் வசதியை இயக்கியவுடன் என்ஜின் ஓசை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. குறைந்த ஒலியளவே போதுமானதாயிற்று.

வெளிச்சத்தத்தை நுண்ணிய மைக் ஒன்று கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலியலையைக் கருவி எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இடைவிடாது உறுமும் தாழ்ந்த ஓசைக்கு இம்முறை நன்கு பயன்படும். திடீரென்று ஒலிக்கும் ஹாரனுக்கும் பக்கத்து இருக்கைப் பேச்சுக்கும் அவ்வளவாகப் பயன்படாது. (மலையேறும்போது காது அடைக்கும். அப்போது இயர்போனைக் கழற்றிவிட்டு எச்சிலை விழுங்குவதே நலம்.)

சோளக்காட்டில் இறங்கியபின் நிலைமை வேறாயிற்று. அங்கு அதிகாலையில் நீக்குவதற்கு இரைச்சலே இல்லை. எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்கள் 1960களின் தொடக்கத்தில் பதிவு செய்த ஓதலை இரண்டு கருவிகளிலும் மாறி மாறிக் கேட்டேன். ஒலியளவு இரண்டிலும் சமமாக இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். இது மிக முக்கியம். சற்று உரக்க ஒலிப்பது எதுவும் நம் செவிக்குச் சிறந்ததாகவே தோன்றும், கடைக்காரர்கள் இதனை அறிவார்கள். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாடு, குன்னாவின் நீட்சி, வசனங்களுக்கிடையே காரி மூச்சிழுக்கும் மெல்லோசை ஆகியவற்றையே கவனித்தேன். மதரஸாவில் நாள்தோறும் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்துபவனுக்கு இதைவிடச் சிறந்த உரைகல் கிடையாது. மலிவான கருவி இவற்றில் எதிலும் பின்தங்கவில்லை. விலையுயர்ந்ததில் தாழ்ந்த ஒலி சற்றுத் தடித்து, குரலின் மீது ஒரு போர்வை போலப் படிந்திருந்தது. பழைய ஒலிநாடாவின் சீற்றமோ இரண்டிலும் ஒன்றுபோலவே கேட்டது. பதிவில் இல்லாத தெளிவை எந்தக் கருவியும் உண்டாக்கித் தர இயலாது. நாகூர் இ.எம்.ஹனிபா அவர்களின் பழைய பாடல்களுக்கும் இது பொருந்தும்.

ஒருவரின் செவி ஒரு காலையில் கேட்டதை வைத்து முடிவு கட்டலாமா என்று தாங்கள் வினவலாம். 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டார். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை எதனை எவ்வளவு வலுவாகத் தருகின்றது என்பதற்கும் விலைக்கும் அவர் தொடர்பு காணவில்லை. காதில் உறுத்தாமை, உழைக்கும் தன்மை, இரைச்சல் நீக்கம் ஆகியவை அவ்வாய்வில் அடங்கா. பெரும்பாலும் அவற்றிற்குத்தான் நாம் பணம் செலுத்துகிறோம். நாள்தோறும் பேருந்திலும் ரயிலிலும் இரண்டு மணி நேரம் செல்பவருக்கு அது வீண்விரயமாகாது. வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு அது தேவையற்றது என்பேன்.

உழைக்கும் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பியில்லாக் கருவியின் சின்னஞ்சிறு பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்லத் திறன் குறையும். பலவற்றில் அதனை எளிதில் மாற்றவும் முடியாது. கம்பி கழற்றக்கூடிய இயர்போனில் கம்பி அறுந்தால் கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதிய செல்போன்களில் இயர்போன் துளை இல்லையே என்றால், சில நூறு ரூபாய்க்குச் சிறிய இணைப்பான் கிடைக்கின்றது.

பெட்டியினுள் பல அளவுகளில் ரப்பர் முனைகள் இருக்கும். பலர் மாட்டி வந்ததையே வைத்துக்கொண்டு, "சத்தம் சப்பென்றிருக்கிறது" என்கின்றனர். முனை சரிவரப் பொருந்தாவிடில் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும், வெளிச்சத்தமும் உட்புகும். பிறகு கை தானாக ஒலியளவைக் கூட்டும். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவருக்குப் பெரியவராயின் 80 டெசிபல், சிறுவராயின் 75 டெசிபல் என உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்துள்ளது. 3 டெசிபல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் கேட்கும் பெரியவருக்கு வாரம் 20 மணி நேரமே.

ஆகவே வாங்கச் செல்லுமுன், மகனிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறாய்?" அவன் விடை பேருந்து என்றால் ஒரு கடை, படிப்பறை என்றால் வேறு கடை.