மறையும் வினாக்கள்

மட்டாஞ்சேரியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தலைப்பிரசவத்திற்காகத் தாய் திருநெல்வேலியிலுள்ள பிறந்தகம் சென்றாள். மகன் அங்கே பிறந்தான். மூன்றாம் மாதம் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தான். பத்து ஆண்டுகள் கழித்து, “இச்சிறுவன் வேறிடத்திலிருந்து இவ்வூருக்கு வந்தவனா?” என்று வினவினால், “இல்லை, இவ்வூர்ப் பிள்ளைதான்” என்றே தந்தை விடையளிக்கக் கூடும். அந்த ஒரு சொல் செய்யும் வேலையை இங்கு ஆராய்வோம்.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் குடும்ப அட்டவணையில் 29 வினாக்கள் இருந்தன. தாய்மொழி எல்லாரிடமும் கேட்கப்பட்டது. ஆனால் வந்த காரணமும், தங்கிய காலமும் வேறிடத்திலிருந்து வந்தவர்க்கே உரியவை. மற்றவர்க்கு அந்தக் கட்டங்களில் கோடிடுவதே முறை. வந்த காரணங்களுள் ‘பிறந்தபின் இடம் பெயர்ந்தமை’ என்பதும் ஒன்று. நம் சிறுவனுக்குரிய இடம் அதுவே.

தாளில் இடப்படும் கோடு கண்ணுக்குத் தெரியும், ஐயமெழுந்தால் திருத்தலாம். கணினித் திரையிலோ ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் நம் விடையைக் கவனித்தவண்ணம் இருக்கிறது. ‘ஆம்’ எனில் அடுத்த இரு வினாக்களைக் காட்டும். ‘இல்லை’ எனில் மறைத்துவிடும். வினாவே காணப்படாதபோது, எதை இழந்தோம் என்பதும் தெரிவதில்லை.

நிரல் எழுதுவோர்க்கும் இங்கே கடமைகள் உண்டு. ஒருவர் ‘ஆம்’ என்பதைப் பின்னர் ‘இல்லை’ என்று மாற்றினால், மறைந்த வினாக்களுக்கு முன்பு அளித்த விடைகளையும் நீக்க வேண்டும். இல்லையேல் பொருந்தாத விடைகள் கணக்கில் தங்கிவிடும். கேட்கப்படாத வினா வேறு, கேட்டும் விடையளிக்கப்படாத வினா வேறு; இரண்டையும் வெவ்வேறு குறியால் பதிய வேண்டும்.

மொழிபெயர்ப்போர்க்கும் பொறுப்பு உண்டு. ‘பிறந்த இடம்’ என்பதைச் ‘சொந்த ஊர்’ என்று பெயர்த்தால், மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழரும் பாட்டனாரின் ஊரைச் சொல்வர். வாயில் தவறாகத் திறக்கும்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட குடிக்கணக்கில், மக்கள் தாமே இணையவழி விவரம் பதியும் வசதியும் வகுக்கப்பட்டது. இத்தகைய படிவம் எதுவாயினும், ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் வினாக்களை இருமுறை படிப்போம். இவ்வூரை நம் ஊராகக் கருதுவது அன்பு. வந்த வழியை உள்ளபடி பதிவது கடமை. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.