குதிரை பேணும் முறை

குதிரைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. பரி, புரவி, மா, இவுளி, துரகம் என நிகண்டுகள் அவற்றை நிரல்பட எடுத்தோதும். அதன் விரைவையும் வனப்பையும் வியவாத புலவர் அரியர். ஆயினும், அவ்வனப்பானது வைகறைதோறும் சீப்பும் வைக்கோற் பிடியும் கையேந்தி லாயத்தினுட் புகும் ஒருவனது உழைப்பால் வருவது என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. குதிரைப் பாகனுக்கு நூல்களில் ‘வாதுவன்’ என்றொரு பெயர் உண்டு. அச்சொல் இன்று வழக்கு வீழ்ந்தது. அவன் தொழிலும் அருகி வருகின்றது. அத்தொழிலின் நாள்முறையை இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரை தமிழ் நாட்டிற்குப் பெரும்பாலும் கடல் கடந்து வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மரக்கலங்கள் குதிரைகளைக் கொணர்ந்து இறக்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பின்னாளில், பாண்டியர் ஆட்சியில், அராபிய பாரசீகக் கரைகளிலிருந்து அவை மிகுதியாக வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இதுபற்றி எழுதிய செய்தி நெஞ்சை வருத்துவதாகும். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றான். ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்கின்றார் அவர். இங்குள்ளோர்க்குக் குதிரை பேணும் வகை தெரியாது, சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டுகின்றனர், லாடம் அடித்து மருத்துவம் செய்வாரும் இல்லை என்பன அவர் கூறும் காரணங்கள். வாணிகம் குறையாதிருத்தற்பொருட்டு அத்தகைய தொழிலாளர் எவரும் இந்நாட்டிற்கு வாராதபடி வணிகரே தடுத்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். அவர் கூறிய தொகை மிகையாயினும் ஆகுக. பொன் கொடுத்து வாங்கிய குதிரையைப் போர்க்களத்தில் அன்றிக் கொட்டிலிலேயே இழக்கக்கூடும் என்னும் உண்மையை அது தெற்றெனக் காட்டுகின்றது.

இப்பணி இழிந்ததென்று கருதுவாரும் உளர். மறைந்து வாழ வேண்டிய ஆண்டில் நகுலன் விராடன் அரண்மனையிற் குதிரை காப்போனாகவே அமர்ந்தான். நாடிழந்த நளன் வாகுகன் என்னும் பெயருடன் அயோத்தி வேந்தனிடம் இருந்ததும் குதிரைத் தொழில் வல்லோனாகவே. தஞ்சைச் சரசுவதி மகாலில் அசுவ சாத்திரச் சுவடிகள் பேணப்பட்டு வருகின்றன. யவன நாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனபோன் என்பார், படைத்தலைவராய் இருந்தும், குதிரையைத் தேய்க்கும் முறையைத் தம் நூலில் எழுதத் தயங்கினாரல்லர். ஆகவே இஃது அறிவுடையோர் ஆராய்ந்த ஒரு கலையே.

சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரையில் உள்ளதோர் ஊர். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும், சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் ஈண்டுக் கூடுகின்றன. முன்னாளில் ஜட்கா ஓட்டிப் பிழைத்த முதியவர் ஒருவர் இன்றும் இவ்வூரில் ஒரு நாட்டுக் குதிரையை வைத்திருக்கின்றார். திருமண ஊர்வலங்களுக்கு அதனை வாடகைக்கு விடுவது அவர் பிழைப்பு. விடுமுறை நாட்களில் அவர் செய்வதை அருகிருந்து கண்டவாறே இம்முறையை எழுதுகின்றேன்.

அவர் குதிரையை அணுகுமுன் குரல் கொடுப்பார். பின்னரே இடத் தோளின் பக்கமாகச் செல்வார். குதிரையின் கண்கள் தலையின் இரு மருங்கிலும் அமைந்தவை. ஆதலின் சுற்றிலும் பெரும்பகுதியை அது காண வல்லதாயினும், தனக்கு நேர் பின்னே நிற்பதைக் காணமாட்டாது. காணாத இடத்திலிருந்து தீண்டினால் அஞ்சி உதைக்கும். அது தீக்குணமன்று, அச்சமே. அடுத்து அவர் நோக்குவன இரவில் இட்ட சாணமும் தொட்டியில் எஞ்சிய தீனியும் ஆம். குதிரைக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. உண்டது ஒவ்வாதாயின் வயிற்று நோவு கண்டு மடிதலும் உண்டு. சாணம் குறைந்ததும், கொள்ளு மிஞ்சியதும் அந்நோவின் முன்னறிகுறிகளாகலாம்.

பின்னர்க் குளம்பு. ஒவ்வொரு காலாக உயர்த்தி, வளைந்த இரும்பு முனையால், குதிகாற் பக்கத்திலிருந்து விரற் பக்கமாக அழுக்கை நீக்க வேண்டும். உள்ளங்குளம்பின் நடுவே முக்கோண வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. முனை அதனைக் குத்துதல் ஆகாது. அதன் இரு மருங்குமுள்ள பள்ளங்களிலேதான் சாணமும் சிறு கல்லும் தங்கும். அங்கே தீ நாற்றமும் கரிய கசிவும் தோன்றினால் குளம்பு அழுகத் தொடங்கிற்று என்று அறிதல் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை மிக்கு நிலம் சேறாகும் இப்பகுதியில் இக்கேடு எளிதில் வரும். ஆதலால் படுக்கை வைக்கோல் உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. கால்களை நாடோறும் கழுவுவது குளம்பிற்குத் தீங்கு என்று செனபோன் கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்றாவது உடம்பைத் தேய்த்தல். பல்லுடைய சீப்பைக் கழுத்து, தோள், விலா, பிட்டம் ஆகிய தசைப்பற்றுள்ள இடங்களில் வட்டமாகச் சுழற்றினால் காய்ந்த சேறும் உதிர்ந்த மயிரும் மேலெழும். முகம், முதுகெலும்பு, முழங்காலின் கீழ்ப்பகுதி ஆகிய எலும்பு புடைத்த இடங்களில் அச்சீப்புப் படலாகாது. பின்பு வன்மையான தூரிகையால் எழுந்த அழுக்கைத் தட்டி, மென்மையான தூரிகையால் மயிர் படிந்த வழியே நீள இழுக்க வேண்டும். சில இழுப்புகளுக்கு ஒருமுறை தூரிகையைச் சீப்பின் பல்லில் உரசித் தூய்மை செய்யாவிடின், ஓரிடத்து அழுக்கை மற்றோரிடத்துப் பூசியதாகவே முடியும். கண்ணையும் மூக்கையும் ஈரத் துணியால் துடைத்தல் வேண்டும். வாலடிக்கு வேறு துணி கொள்ளல் வேண்டும். பிடரி மயிரையும் வாலையும் நுனியிலிருந்து மேனோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தல் முறை. இறுதியில் வைக்கோலை முறுக்கிப் பிடியாக்கித் தசைகளை அழுந்தத் தேய்ப்பர். இதனால் குருதியோட்டம் சிறந்து மேனி பளபளக்கும்.

இவையெல்லாம் அழகின்பொருட்டு மட்டும் செய்வன அல்ல. தேய்க்கும் கை தேடுங் கையுமாம். சேணம் அமரும் இடத்தில் சிறு வீக்கம், காதின் உள்ளே உண்ணி, காலில் வெம்மை ஆகியவற்றைக் கண்ணினும் முன்னே கை அறிந்துகொள்ளும். குதிரை உடல் முழுவதும் வியர்க்கும் விலங்கு. அவ்வியர்வையின் உப்புக் காய்ந்து, அதன்மேல் வார் உராய்ந்தால் ஒரே நாளில் தோல் புண்ணாகும். எனவே வேலை முடிந்தபின் சிறிது தூரம் நடத்தி, மூச்சு ஆறியதும் வியர்வையைக் கழுவித் துடைத்து நிழலிற் கட்டுதல் வேண்டும். வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை நீர் பருகும். கோடையில் அதனினும் மிகும். குளம்பு மாதந்தோறும் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்வதால், 6 அல்லது 8 வாரத்திற்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மீண்டும் அடித்தல் வேண்டும். மாலையில் லாயத்தருகே புகை மூட்டுவதும் வீண் சடங்கன்று. கடிக்கும் ஈக்கள் ‘சர்ரா’ என்னும் கொடிய நோயைப் பரப்புவன. அந்நோயின் கிருமியை 1880இல் பஞ்சாபில் கண்டறிந்தவர் கிரிபித் எவான்சு என்னும் கால்நடை மருத்துவர்.

ஒருகால் அம்முதியவர் உறவினர் இறப்பிற்காக வெளியூர் சென்றார். குதிரை அன்றிரவு ஓர் ஊர்வலத்திற்குச் சென்று நள்ளிரவிலே மீண்டது. உடன் சென்ற பேரன் சோர்வு மிகுதியால் அதனைக் கட்டிவிட்டு உறங்கினான். மறுநாள் தீனியும் நீரும் இட்டு, மேனியைத் தேய்த்து, பிடரியைச் சீவினான். குளம்பை மட்டும் பார்த்திலன். யானும் அருகிருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. மாலையில் திரும்பிய முதியவர் குதிரை முன்காலைத் தூக்கி நிற்பதைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு, “குளம்பைப் பார்த்தாயா அப்பா?” என்று மட்டும் கேட்டார். லாடத்திற்கும் குளம்பிற்கும் இடையே கூரிய கருங்கற் சில்லு ஒன்று ஏறியிருந்தது. குளம்பு கொதித்தது. கால்நடை மருத்துவர் வந்து சில்லை நீக்கிச் சீழை வடித்து இசிவு நோய்த் தடுப்பூசியும் போட்டார். இசிவு நோய்க்குக் குதிரை மிக எளிதில் இரையாகும். குளம்பின் சிறு புண்ணும் அதற்கு வாயிலாகும்.

குதிரை பிழைத்தது. ஆயினும் ஒரு மாத காலம் அது வேலைக்குச் செல்லவில்லை. அம்மாதத்து முகூர்த்த நாட்கள் யாவும் வருவாயின்றிக் கழிந்தன. வாடகைக்குக் கேட்டு வந்த ஒருவர், “நடக்கத்தானே செய்கிறது?” என்று இருமடங்கு தர முன்வந்தார். முதியவர், “தம்பி, அது வாய் திறந்து சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்” என்று கூறி மறுத்துவிட்டார். புண்ணுற்று வேலைக்குத் தகாத விலங்கைப் பணிசெய்ய விடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அவர் அச்சட்டத்தைப் படித்தவரல்லர். அதன் பொருளை அறிந்தவர்.

விருத்தாசலத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஐயனார் கோயில்தோறும் சுடுமண் குதிரைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றிற்குத் தேய்ப்பும் இல்லை, தீனியும் இல்லை. ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா’ என்னும் பழமொழியில் உள்ளது குதிரையன்று, ஆற்று மணல் மேடாகிய குதிரே என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. மண் குதிரை நம்மை நம்பி நிற்பதன்று. உயிர்க் குதிரையோ நம்மையே நம்பி நிற்பது. அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் கடன் நாள்தோறும் அரைமணி நேரம். ஒருநாள் தவறின் அதன் வட்டி எத்துணைப் பெரிது என்பதை அக்கருங்கற் சில்லு எனக்குக் கற்பித்தது.