குரல் தெளிவாக இருந்தால் பாதி வெற்றி: கணினியில் காணொளிப் படைப்பு

கோவிட்-19 பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, மலேசிய ஆசிரியர்கள் பலர் பாடங்களைக் காணொளியாகப் பதிவுசெய்யப் பழகினார்கள். ஆணை போய்விட்டது; பழக்கம் தங்கிவிட்டது. புத்தாக்கப் போட்டி, பல்கலைக்கழக இடுபணி, வேலைக்கான நேர்காணல் என எதற்கும் இப்போது காணொளி கேட்கிறார்கள். பினாங்கின் பாயான் பாருவில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில், ஒரே மடிக்கணினியை வைத்து இதை நன்றாகவே செய்யலாம். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஆயத்தமும் தெளிவான குரலும் இருந்தால் போதும்.

எழுதிப் பார்த்துப் பேசுங்கள்

பார்ப்பவர் மனத்தில் கடைசியாக எது நிற்க வேண்டும்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும் சேர்க்காதீர்கள். பிறகு, பேசப்போவதை முழுவதும் எழுதி, கைப்பேசியில் நேரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

நீளத்திலும் கவனம் வேண்டும். எட்எக்ஸ் இணையக் கல்வித் தளத்தின் பாடக் காணொளிகள் சுமார் 69 லட்சம் முறை பார்க்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளே பார்ப்பவரை அதிகம் ஈர்த்து வைத்திருந்தன என்று அது சொன்னது. விஷயம் பெரிதென்றால் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்.

படவில்லையில் எழுத்தைக் குறையுங்கள்

பினாங்குக் கொடிமலை ரயிலைப் பற்றி ஒரு மாணவி பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1923-இல் ஓடத் தொடங்கியது, நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது, 2011-இல் புதுப்பித்த பிறகு ஒரே பெட்டியில் உச்சிவரை போகலாம். இவை அனைத்தையும் திரையில் எட்டு வரிகளாக எழுதி, அதையே அவள் படித்தால் கண்ணும் காதும் ஒன்றோடொன்று போட்டியிடும். ‘அன்று இரண்டு பெட்டி, இன்று ஒன்று’ என்று ஒரே வரியும் பழைய ரயிலின் படமும் திரையில் இருக்கட்டும். மற்றதை அவள் வாயால் சொல்லட்டும்.

பலர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். எழுத்தளவு 28-க்குக் குறைய வேண்டாம். தமிழை யூனிகோடில் தட்டெழுதுங்கள்; பழைய எழுத்துருவில் செய்த கோப்பைப் பள்ளிக் கணினியிலிருந்து வீட்டுக் கணினிக்கு மாற்றினால் எழுத்துகள் சிதைந்துவிடும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையை எளிதாக்கியிருக்கின்றன.

ஒலியை முதலில் சரிசெய்யுங்கள்

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். சொல் விளங்காவிட்டால் மூடிவிடுவார். பாயான் பாருவுக்குப் பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருக்கிறது. மேலே விமானம் போனால் பேச்சை நிறுத்துங்கள். சத்தம் அடங்கியதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். பலத்த மழை பெய்தால் பதிவைத் தள்ளிப்போடுங்கள். மின்விசிறியை அணையுங்கள்.

வெறுஞ்சுவர்கள் உள்ள கூடத்தில் குரல் எதிரொலிக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையே நல்ல ஒலிப்பதிவுக் கூடம். மடிக்கணினியின் ஒலிவாங்கியைவிடக் கைப்பேசியோடு வரும் இயர்போனின் ஒலிவாங்கி பெரும்பாலும் நன்றாக இருக்கும். அது சட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது விநாடி பேசிப் பதிவுசெய்து கேட்ட பிறகே தொடங்குங்கள்.

வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் மடிக்கணினியை வைத்தால் கேமரா கண் மட்டத்துக்கு வரும். பேசும்போது திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள்.

பதிவு

வாட்சாப், மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பவர்பாயின்டின் ‘ரெக்கார்ட்’ வசதி ஒவ்வொரு படவில்லைக்கும் குரலைத் தனித்தனியாகச் சேமிக்கிறது. ஐந்தாவது படவில்லையில் தடுமாறினால் அதை மட்டும் மறுபடி பதிவுசெய்தால் போதும். ஒரு படவில்லையிலிருந்து அடுத்ததற்கு மாறும் நொடியில் மட்டும் அது குரலைப் பிடிக்காது. ஆகவே வாக்கியத்தை முடித்து, அடுத்த படவில்லை முழுமையாக வந்ததும் பேசுங்கள். முடிந்ததும் 1080பி தரத்தில் எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

ஒரு மென்பொருள் இயங்குவதைத் திரையில் காட்ட வேண்டுமா? ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். அதில் எம்கேவி வடிவில் பதிவுசெய்தால், நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பேசியது பெரும்பாலும் தப்பிவிடும். பின்னர் அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன் முழுக் காணொளியையும் கைப்பேசியில் ஒருமுறை பாருங்கள். தலைப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடமும் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் முதலில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அவர் தம் சொற்களில் சொன்னால் அனுப்பலாம். சொல்லாவிட்டால், குழப்பிய பகுதியைத் திருத்தி மறுபடி பதிவுசெய்யுங்கள். நம் பிள்ளைகளிடம் நல்ல சிந்தனைகள் நிறைய இருக்கின்றன. அவை சரியாகக் கேட்காத காரணத்தால் பின்தங்கிவிடக் கூடாது.