அதிகம் விற்றவருக்கு நட்டம், குறைவாக விற்றவருக்கு லாபம்: ஒரு சூரியசக்தி நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு

2024ஆம் ஆண்டில் சீனாவின் லோங்கி நிறுவனம் 70 கிகாவாட்டுக்கும் மேற்பட்ட சூரியசக்தித் தகடுகளை விற்றது. ஆண்டு முடிவில் அதன் கணக்கில் நின்றது சுமார் 8.6 பில்லியன் யுவான் நட்டம். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் விற்றது 14.1 கிகாவாட் மட்டுமே. ஆனால் 4.2 பில்லியன் டாலர் விற்பனையில் 1.29 பில்லியன் டாலர் நிகர லாபம் ஈட்டியது.

பொருள் ஒன்றே, வெயிலும் ஒன்றே. கணக்கு மட்டும் ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது? வணிகவியல், கணக்கியல், பொறியியல் பயிலும் மாணவர்கள் அனைவருக்கும் இதில் பாடம் உண்டு. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஃபர்ஸ்ட் சோலார் 2008 முதல் கெடா மாநிலத்தின் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் தகடுகளைத் தயாரித்து வருகிறது. லோங்கிக்கும் சரவாக்கின் கூச்சிங்கில் ஆலை உண்டு.

சிலிக்கான் இல்லாத தகடு

உலகில் விற்பனையாகும் தகடுகளில் பெரும்பாலானவை சிலிக்கானில் செய்யப்படுபவை. சிலிக்கானை உருக்கி, கட்டியாக்கி, மெல்லிய வில்லைகளாக அறுத்து, மின்கலமாக்கி, பிறகு தகடாக இணைக்க வேண்டும். இந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் சீன நிறுவனங்களே முன்னிலை வகிக்கின்றன. அவை போட்டி போட்டுக்கொண்டு ஆலைகளைப் பெருக்கின. தேவையைவிட உற்பத்தி மிஞ்சியது. விலை அடக்கச் செலவுக்கும் கீழே சரிந்தது. விற்க விற்க நட்டம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

ஃபர்ஸ்ட் சோலார் வேறு வழியில் போனது. கண்ணாடியின் மீது காட்மியம் டெலுரைடு என்ற சேர்மத்தை மிக மெல்லிய படலமாகப் படிய வைக்கும் முறை அதனுடையது. ஒரு பக்கம் கண்ணாடி நுழைந்து, சுமார் நான்கு மணி நேரத்தில் மறுபக்கம் முழுத் தகடாக வெளியே வருகிறது. இதனால் சிலிக்கான் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதன் அடக்கச் செலவு அதிகம் ஆடுவதில்லை.

லாபம் எங்கிருந்து வந்தது?

தொழில்நுட்பம் மட்டும் இந்த லாபத்தைத் தரவில்லை. 2022இல் இதே நிறுவனம் 44 மில்லியன் டாலர் நட்டம் காட்டியது. 2023இல் 831 மில்லியன் டாலர் லாபம். இடையில் நடந்தது என்ன?

2022 ஆகஸ்டில் அமெரிக்கா பணவீக்கக் குறைப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி, அமெரிக்க மண்ணில் தயாராகும் சூரியசக்தித் தகடுகளுக்கு அரசு வரிக்கழிவு தருகிறது. ஃபர்ஸ்ட் சோலார் மின்கலம் முதல் தகடு வரை எல்லாவற்றையும் ஒரே ஆலையில் செய்வதால், அதற்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 17 சென்ட் கிடைக்கிறது. 2024இல் இப்படிக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு பில்லியன் டாலர். 1.29 பில்லியன் டாலர் லாபத்தின் அருகே அந்தத் தொகையை வைத்துப் பாருங்கள். லாபத்தின் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

அந்த ஆண்டு எல்லாமே நல்லபடியாக அமைந்துவிடவில்லை. சீரிஸ் 7 எனப்படும் புதிய வகைத் தகடுகளில் தொடக்கத்தில் தயாரான சில, எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே மின்திறனை இழக்கக்கூடும் எனத் தெரியவந்தது. அதைச் சரிசெய்ய 56 முதல் 100 மில்லியன் டாலர் வரை செலவாகலாம் என நிறுவனமே மதிப்பிட்டது. உற்பத்தியில் நேரும் ஒரு சிறு பிசகு எவ்வளவு பெரிய தொகையாக மாறும் என்பதற்கு இது சான்று.

வரும் ஆண்டுகள் எப்படி?

2024 முடிவில் நிறுவனத்தின் கையில் இருந்த, இன்னும் நிறைவேற்றப்படாத ஒப்பந்தங்கள் 68.5 கிகாவாட். மதிப்பு சுமார் 20.5 பில்லியன் டாலர். அதாவது ஒரு வாட்டுக்கு 30 சென்ட் அளவில், அந்த ஆண்டின் விற்பனையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேலை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஆண்டறிக்கையில் லாபத்தைவிட இந்த எண்ணே எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஆனால், கையில் ஒப்பந்தம் இருந்தும் கணிப்பு தவறலாம். 2025 பிப்ரவரியில், அவ்வாண்டு விற்பனை 5.3 முதல் 5.8 பில்லியன் டாலர் வரை இருக்கும் என்றது நிறுவனம். ஏப்ரலில் அமெரிக்கா பல நாடுகளின் பொருள்கள்மீது புதிய வரிகளை அறிவித்ததும், அதே மாத இறுதியில் கணிப்பு 4.5 முதல் 5.5 பில்லியனாக இறங்கியது.

வரியின் அடி நேராக விழுந்தது கூலிம் போன்ற இடங்களில்தான். மலேசியப் பொருள்களுக்கு முதலில் 24 விழுக்காடு, பின்னர் ஆகஸ்டில் 19 விழுக்காடு என வரி அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வதையே நம்பியிருக்கும் ஆலைக்கு இது பெரும் சுமை. நிறுவனம் மலேசியா, வியட்னாம் ஆலைகளில் உற்பத்தியைக் குறைத்தது. மறுபுறம், அமெரிக்காவின் அலபாமா, லூசியானா மாநிலங்களில் புதிய ஆலைகள் எழுந்தன. சென்னைக்கு அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 3.3 கிகாவாட் ஆலைக்கு இந்தியாவின் உள்நாட்டுச் சந்தையே துணை நிற்கிறது.

வரிக்கழிவும் நிரந்தரமல்ல. 2030 முதல் படிப்படியாகக் குறைந்து, 2032க்குப் பிறகு முற்றிலும் நின்றுவிடும். அதற்குள் சலுகையின்றி லாபம் ஈட்டும் வழியை நிறுவனம் கண்டாக வேண்டும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். லாபத்தில் எவ்வளவு பொருளை விற்றதால் வந்தது, எவ்வளவு அரசுச் சலுகையால் வந்தது? அடுத்த ஆண்டுக்கான வேலை ஏற்கெனவே கையில் இருக்கிறதா? பொருள் எந்த நாட்டில் தயாராகி எந்த நாட்டில் விற்கப்படுகிறது?

சூரியசக்தித் துறையில் வேலை தேட எண்ணுவோருக்கு மூன்றாவது கேள்வி மிக முக்கியம். ஒரே நாட்டுச் சந்தையை நம்பிய ஆலையில் வேலை நிலை அந்நாட்டு அரசியலோடு சேர்ந்தே ஆடும். ஆனால் அங்கே கற்கும் திறன்கள் அந்த ஆலையோடு முடிவதில்லை. மெல்லிய படலத் தொழில்நுட்பம், தானியங்கி இயந்திரப் பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு, பழைய தகடுகளை மறுசுழற்சி செய்தல் ஆகியவை பகுதிமின்கடத்தித் துறைக்கும் தேவைப்படுபவை. அத்துறை கூலிமிலும் பினாங்கிலும் வேரூன்றியது. படிப்பைத் தேர்வு செய்யும்போது ஒரு நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல், நான்கு நிறுவனங்களுக்குப் பயன்படும் திறனைப் பாருங்கள்.