துளைவழிக் குறியா, தொலைநோக்கியா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயின் துப்பாக்கியில் தொலைநோக்கி இல்லை; விதி அதை அனுமதிக்காது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் 10.4 மி.மீ.! எப்படிக் குறிபார்க்கிறார்கள்?

கண் ஒரு நேரத்தில் ஒரே தூரத்தில்தான் கூர்மையாகக் குவியும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. பின்குறியை நுண்துளையாக்கினால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை குறுகும். முன்குறியும் இலக்கும் சேர்ந்தே தெளியும். கிட்டப்பார்வைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

தொலைநோக்கி, இலக்கின் பிம்பத்தையும் குறுக்குக்கோட்டையும் ஒரே தளத்தில் சேர்க்கிறது. முன்குறி மங்கத் தொடங்கிய கண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பெரிய ரைஃபிளுக்கான தொலைநோக்கிகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 50 மீட்டரில் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் அமையாததால், கண் சற்று நகர்ந்தாலே குறி விலகும். புதிதாகப் பழகுவோர் துளைக்குறியில் தொடங்குவதே நல்லது என்பேன்: தொலைநோக்கி கைநடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டி, விசையை அவசரமாக இழுக்க வைத்துவிடும்.